மூன்று முறை எழுந்த கோபுரம்: ஒசாகா கோட்டையில் அப்பாவுடன் ஐந்து நாள்

முதல் நாள்

நானும் அப்பாவும் இன்று காலை கன்சாய் விமான நிலையத்தில் இறங்கினோம். ரயில் மாறி மாறி வந்து, தனிமாச்சி யோன்ச்சோமே சுரங்க ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்திருக்கிறோம். அப்பா நாற்பது வருடம் கட்டட மேஸ்திரியாக இருந்தவர். வேலையை விட்டதற்குப் பிறகு, "எங்கப்பா போகலாம்?" என்று கேட்டேன். "நல்ல கல்லுக்கட்டு இருக்கிற ஊரா பாரும்மா" என்றார். ஒசாகாவைத் தேர்ந்தெடுக்க அது போதுமானதாக இருந்தது.

கிளம்பும் முன்பு பலர் தடுத்தார்கள். "ஒசாகா கோட்டை கான்கிரீட்டும்மா. உள்ளே லிஃப்ட் எல்லாம் இருக்கு. அசலைப் பார்க்கணும்னா ஹிமேஜி கோட்டைக்குப் போ." ஹிமேஜிக்கும் போகத்தான் போகிறோம். ஆனால் 1583-இலிருந்து எரிந்தும் இடிந்தும் புதைந்தும் மறுபடி மறுபடி எழுந்த ஒரு கோட்டையை, கடைசியில் எழுந்தது கான்கிரீட் என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

பெட்டியை அறையில் வைத்ததும் நடக்க ஆரம்பித்தோம். பத்து நிமிடத்தில் வெளி அகழி வந்துவிட்டது. பச்சைத் தண்ணீர், அதற்கு மேல் சாம்பல் நிறத்தில் செங்குத்தாக ஏறும் மதில். அப்பா நின்றுவிட்டார். மதிலின் மூலையைக் காட்டி, "பாரு, ஒரு கல்லு நீளமா இந்தப் பக்கம் போகுது, அடுத்தது அந்தப் பக்கம் போகுது. குறுக்கும் நெடுக்குமா மாத்தி மாத்தி வச்சாத்தான் மூலை பிளக்காது. நாம செங்கல்ல செய்யறதை இவன் பாறையில செஞ்சிருக்கான்" என்றார்.

மேற்குப் பக்கம் இருப்பது ஓத்தே வாசல், அதாவது பெருவாசல். 1628-இல் கட்டி, 1848-இல் புதுப்பித்தது. இந்த வாசலின் பின்பக்கத் துணைத்தூண் ஒன்றைப் பற்றி முன்பே படித்திருந்தேன். தூணின் அடிப்பாகம் உளுத்துப்போனதால் அதை வெட்டி எடுத்துவிட்டுப் புது மரத்தை ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். அந்த ஒட்டில்தான் விஷயம். எதிரெதிரான இரண்டு பக்கங்களில் மலை முகடு போல மேல்நோக்கிய கூர்வெட்டு தெரிகிறது. மற்ற இரண்டு பக்கங்களில் ஒரு முனை குறுகி மறுமுனை விரிந்த விசிறி வெட்டு. விசிறி வெட்டு இருந்தால் மேலிருந்து இறக்க முடியாது, கூர்வெட்டு இருந்தால் பக்கவாட்டில் நேராகத் தள்ள முடியாது. அப்படியானால் எப்படித்தான் பொருத்தினார்கள்?

அப்பாவிடம் விடையைச் சொல்லவில்லை. தூணைச் சுற்றி நாலு முறை வந்தார். குனிந்து பார்த்தார், விரலால் தடவிப் பார்த்தார். "நாளைக்குச் சொல்றேன்" என்றார். இப்போது அறையில் படுத்துக்கொண்டு விட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இரண்டாம் நாள்

இன்று முழுக்கக் கல்தான். நிறைய எழுத வேண்டும்.

இந்தக் கோட்டை நிற்கும் மேட்டில் முதலில் இருந்தது ஒரு புத்த மடம். 1496-இல் ரென்னியோ என்ற துறவி தொடங்கியது. பிற்பாடு இஷியாமா ஹோங்கான்ஜி என்ற பெயரில் சுற்றிலும் ஊர் வளர்ந்து, மதிலும் அகழியுமாக அதுவே ஒரு கோட்டையாகிவிட்டது. ஜப்பான் முழுவதையும் ஒரு குடைக்குள் கொண்டுவரப் புறப்பட்ட ஓதா நொபுனாகாவை எதிர்த்து 1570 முதல் 1580 வரை பத்து ஆண்டு தாக்குப்பிடித்தார்கள். கடைசியில் மடத்தார் வெளியேறினார்கள், இடமும் எரிந்தது.

மூன்றே ஆண்டில், 1583-இல், அந்தச் சாம்பல் மேட்டில் தொயோதோமி ஹிதேயோஷி கோட்டை கட்டத் தொடங்கினார். எளிய குடும்பத்தில் பிறந்து, நொபுனாகாவிடம் வேலைக்குச் சேர்ந்து, அவர் இறந்த பிறகு நாட்டையே கைக்குள் கொண்டுவந்தவர். 1585-இல் மையக் கோபுரம் முடிந்தது. கருப்பு அரக்குப் பூச்சும் தங்கமுமாக மின்னியதாம். ஆனால் அந்தக் கோட்டையில் இன்று தரைக்கு மேலே ஒரு கல்கூட மிச்சம் இல்லை. இதை நான் சொன்னபோது அப்பா நம்பவில்லை. "அப்போ இத்தனை கல்லு?"

இத்தனை கல்லும் அவருடைய எதிரிகள் வைத்தது. 1615-இல் ஹிதேயோஷியின் மகனைத் தோற்கடித்துக் கோட்டையை எரித்தவர்கள் தோகுகாவா குடும்பத்தினர். ஐந்து ஆண்டு கழித்து, 1620-இல், அந்தக் குடும்பத்தின் இரண்டாம் ஷோகுன், அதாவது நாட்டை ஆண்ட படைத்தலைவர், தோகுகாவா ஹிதேததா மறுபடி கட்டச் சொன்னார். பழைய மதிலைப் போல இரண்டு மடங்கு உயரம், அகழி இரண்டு மடங்கு ஆழம் என்று ஆணையிட்டதாகச் சொல்கிறார்கள். பழைய கோட்டையை இடித்துச் சமன் செய்யவில்லை. மேலே மண்ணைக் கொட்டி மூடிவிட்டு, அதன் தலைமேல் புதிய கோட்டையை ஏற்றினார்கள். வேலை 1629 வரை நடந்தது.

செலவு ஷோகுனுடையது அல்ல. 64 சிற்றரசர் குடும்பங்களுக்கு மதிலைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்து, ஆளும் பணமும் கல்லும் அவரவரே கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவர்களில் பலர் ஒரு காலத்தில் ஹிதேயோஷியின் உப்பைத் தின்றவர்கள். பழைய எஜமானின் கோட்டையைத் தங்கள் காசிலேயே மண்ணுக்குள் புதைக்க வேண்டிய நிலை. கஜானா காலியானால் கலகம் செய்யவும் தெம்பு இருக்காது. இந்தக் கணக்கை நினைக்க நினைக்க, மதிலின் அழகோடு கூடவே ஒரு கனமும் நெஞ்சில் ஏறுகிறது.

கற்களில் அடையாளங்கள் வெட்டியிருக்கிறார்கள். வட்டத்துக்குள் வட்டம், விசிறி, கோடுகள். இது எங்கள் ஆள் கொண்டுவந்த கல் என்று காட்டத்தான். அப்பாவுக்கு உடனே புரிந்துவிட்டது. "லோடு லோடா வந்து இறங்கும்போது அடையாளம் போடலேன்னா பக்கத்து செட்டுக்காரன் தூக்கிட்டுப் போயிடுவான்ல?" பாறைகள் பெரும்பாலும் செத்தோ உள்கடலின் தீவுகளிலிருந்து படகில் வந்தவை. ஷோதோ தீவில், வெட்டிக் கரைக்குக் கொண்டுவந்தும் படகேறாமல் நின்றுவிட்ட கற்கள் இன்னும் கிடக்கின்றனவாம். ஜப்பானியர் அவற்றை 'ஸன்னென் இஷி' என்கிறார்கள். ஏமாந்துபோன கற்கள் என்று பொருள் கொள்ளலாம். ஒசாகாவுக்குப் போக முடியாமல் போனதே என்று நானூறு வருடமாகக் கரையில் காத்துக்கிடக்கின்றன.

சகுரா வாசலுக்குள் நுழைந்ததும் எதிரே ஒரே கல்லாக ஒரு சுவர். பெயர் தாகோ இஷி, ஆக்டோபஸ் கல். ஓரத்தில் பழுப்பாக ஒரு கறை ஆக்டோபஸின் தலையைப் போல இருப்பதால் அந்தப் பெயர். 5.5 மீட்டர் உயரம், 11.7 மீட்டர் அகலம், எடை 108 டன் இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இதை வைத்தவர் ஒகாயாமா சிற்றரசர் இகேதா தாதாவோ. இவருடைய அப்பா தெருமாசாதான் இன்று நாம் பார்க்கும் ஹிமேஜி கோட்டையைக் கட்டியவர்.

அப்பா கல்லின் ஓரமாக நின்று அதன் கனத்தை அளக்கப் பார்த்தார். பார்வைக்கு மலைபோல இருந்தாலும் இது ஒரு பலகைதான், சுமார் முக்கால் மீட்டர் கனம் என்கிறார்கள். "பின்னாடி பூரா சல்லியும் உருண்டைக் கல்லும் போட்டு நிரப்பியிருப்பான். மழைத்தண்ணி அது வழியா இறங்கிப் போயிடும். தண்ணி தேங்கினா எந்த மதிலும் வயிறு தள்ளிடும்" என்றார். மதிலின் உள்ளமைப்பு உண்மையில் அப்படித்தான். முன்னால் நாம் பார்ப்பது முகம் மட்டும், சுமையைத் தாங்குவது பின்னால் மறைந்திருக்கும் சின்னக் கற்கள்.

மதியத்துக்கு மேல்தான் மண்ணுக்குள் போனோம். மையக் கோபுரத்துக்கு அருகே தரைக்கடியில் ஓர் அறை. 2025 ஏப்ரலில்தான் திறந்திருக்கிறார்கள். ஹிதேயோஷி கட்டிய மதிலின் ஒரு துண்டை அங்கே பார்க்கலாம்.

இருபதாம் நூற்றாண்டின் நடுவரை, தரைக்கு மேல் தெரியும் மதிலெல்லாம் ஹிதேயோஷி கட்டியது என்றே எல்லோரும் நம்பியிருந்தார்கள். 1959-இல் ஆய்வுக்காகக் கோட்டைக்குள் துளையிட்டபோது, பல மீட்டர் ஆழத்தில் இன்னொரு மதில் தட்டுப்பட்டது. அடுத்த ஆண்டே, தோகுகாவாவின் தலைமைத் தச்சராக இருந்த நகாய் குடும்பத்தின் வீட்டிலிருந்து ஹிதேயோஷி காலத்து வரைபடம் கிடைத்தது. மதிலும் வரைபடமும் பொருந்திப்போயின. இப்போது காட்சிக்கு வைத்திருக்கும் பகுதி 1984-இல் வெளிப்பட்டது. பிறகு மக்களிடம் நன்கொடை திரட்டித்தான் இந்த அறையைக் கட்டியிருக்கிறார்கள்.

உள்ளே மங்கலான வெளிச்சம். அந்த மதில் மேலே இருப்பதைப் போல இல்லவே இல்லை. செதுக்காத கற்கள், கிடைத்த உருவத்திலேயே அடுக்கியவை. பெரிய கல்லுக்கு இடையே சின்னக் கல்லைச் செருகி முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். வேறு கட்டடங்களிலிருந்து பெயர்த்து வந்த கற்களும் கலந்திருக்கின்றன. மேலே ஆட்சியின் பலத்தைக் காட்டும் வெட்டுக்கல், இங்கே அவசரமும் கைத்திறனும். அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. "இது கட்டத்தான் கஷ்டம். அளவெடுத்து வெட்டின கல்லை யார் வேணா அடுக்கலாம். இதுக்குக் கண்ணு வேணும்" என்று மட்டும் சொன்னார்.

மூன்றாம் நாள்

காலையில் மழை. கெய்ஹான் ரயிலில் கியோத்தோ போய் வந்தோம், ஒரே ஒரு மணியைப் பார்க்க. கூட்டம் அலைமோதும் கோவில்களுக்கெல்லாம் போகவில்லை.

ஹோகோஜி கோவில் மணி 1614-இல் வார்த்தது. 80 டன்னுக்கு மேல் எடை. அப்போது ஹிதேயோஷி இறந்து பதினாறு ஆண்டு ஆகியிருந்தது. 1600-இல் செகிகஹாரா போரில் வென்ற தோகுகாவா இயேயாசு கைக்கு ஆட்சி போய்விட்டது. ஆனாலும் ஒசாகா கோட்டையில் ஹிதேயோஷியின் மகன் ஹிதேயோரி தாய் யோதோவோடு இருந்தார், கையில் செல்வமும் இருந்தது. இயேயாசுவுக்கு வயதாகிவிட்டது, காத்திருக்க நேரமில்லை.

போருக்குக் காரணம், ஹிதேயோரி வார்க்கச் செய்த இந்த மணியில் கிடைத்தது. நீண்ட கல்வெட்டு வாசகத்தில் 'நாடு அமைதியாக இருக்கட்டும்' என்ற பொருளில் நான்கு எழுத்துகள். அவற்றில் இயேயாசு பெயரின் இரண்டு எழுத்துகளும் தனித்தனியே பிரிந்து நிற்கின்றன. இன்னொரு நான்கெழுத்துத் தொடரில் தொயோதோமி பெயரின் எழுத்துகள் இடம் மாறி ஒன்றாக நிற்கின்றன. என் பெயரை வெட்டிவிட்டு உங்கள் குடும்பம் வாழ வேண்டுமென்று வேண்டியிருக்கிறீர்கள் என்று இயேயாசு தரப்பினர் குற்றம் சாட்டினார்கள். அந்த ஆண்டு குளிர்காலத்தில் முற்றுகை, பிறகு சமாதானம். சமாதானத்தின் பேரில் அகழிகளைத் தூர்த்தார்கள். 1615 கோடையில் மறுபடி போர். அகழி இல்லாத கோட்டை எத்தனை நாள் தாங்கும்? கோபுரம் எரிந்தது, தாயும் மகனும் தற்கொலை செய்துகொண்டார்கள். ஹிதேயோரிக்கு இருபத்தொரு வயது.

அந்த எழுத்துகளை மணியில் வெள்ளைக் கோடிட்டுக் காட்டியிருக்கிறார்கள். மழையில் குடையோடு அண்ணாந்து பார்த்தோம். கோட்டை போனது, ஹிதேயோரி போனார், மணி மட்டும் அதே எழுத்துகளோடு இருக்கிறது.

திரும்பும் வழியில் அப்பா அந்தத் தூணைப் பற்றி ஒரு யோசனை சொன்னார். தவறு என்று சொன்னேன். "சொல்லிடாதே, நானே கண்டுபிடிக்கிறேன்" என்றார்.

நான்காம் நாள்

ஹிமேஜி. ஒசாகாவிலிருந்து விரைவு ரயிலில் ஒரு மணி நேரம். ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்ததுமே நேர் சாலையின் முடிவில் வெள்ளையாக நிற்கிறது. என்ன சொல்ல, அழகு! இகேதா தெருமாசா 1601-இல் தொடங்கி 1609-இல் முடித்த மரக்கோபுரம். 1945 ஜூலையில் ஹிமேஜி நகரம் எரிந்தபோது கோபுரத்தின் மேல் விழுந்த ஒரு குண்டு வெடிக்கவில்லை. வெடித்திருந்தால் இதுவும் இல்லை.

செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, ஏணி மாதிரியான படிகளில் ஏற வேண்டும். கோபுரத்தின் நடுவே அடியிலிருந்து உச்சிவரை இரண்டு பெருந்தூண்கள், ஒவ்வொன்றும் 24 மீட்டருக்கு மேல். எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் பட்டது இவைதான். 1956 முதல் 1964 வரை இந்தக் கோபுரத்தை ஓடு ஓடாக, உத்தரம் உத்தரமாகப் பிரித்து, அடியில் கான்கிரீட் அஸ்திவாரம் போட்டு, மறுபடி கோத்திருக்கிறார்கள். கிழக்குத் தூணின் அடியில் புது மரம் சேர்த்து அதையே வைத்துக்கொண்டார்கள். மேற்குத் தூண் உள்ளே உளுத்துவிட்டது. அதற்குப் பதிலாக வைத்த புதுத் தூண், இரண்டு மரங்களை மூன்றாம் தளத்தில் இணைத்துச் செய்தது.

ஆக, எல்லோரும் சொல்லும் அசல் கோட்டையின் பாதி முதுகெலும்பு என் அப்பாவைவிடச் சின்ன வயதுக்காரன். இதனால் ஹிமேஜியின் மதிப்பு குறைந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. இத்தனை சிரத்தையோடு ஒரு கட்டடத்தைப் பிரித்துக் கோத்தவர்களின் கையும் தெருமாசாவின் தச்சர்கள் கையும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கின்றன. ஆனால் அந்த மரியாதையை ஒசாகாவுக்குக் கொடுக்க ஏன் தயங்குகிறோம்?

அப்பா மூன்றாம் தளத்தில் நின்று அந்த இணைப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார். திடீரென்று என் தோளைத் தட்டினார். "மேலேயிருந்தும் இல்ல, நேரா பக்கத்துலேயிருந்தும் இல்ல. சாய்வா! சாய்ச்சு, சறுக்கி உள்ளே விட்டிருக்கான்."

அதுதான் விடை. 1983-இல் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துத்தான் ஒசாகாவிலேயே அதை உறுதி செய்தார்கள். அப்பாவுக்கு மூன்று நாள் ஆனது.

ஐந்தாம் நாள்

கடைசி நாளை மையக் கோபுரத்துக்கு என்று ஒதுக்கியிருந்தோம்.

தோகுகாவாவின் கோபுரம் 1626-இல் முடிந்தது, கல்மேடையோடு சேர்த்து 58 மீட்டர். 1660-இல் வெடிமருந்துக் கிடங்கில் இடி விழுந்து பெரும் நாசம். அந்தப் பயத்தில் 1685-இல் கட்டிய கருங்கல் கிடங்கு இன்றும் இருக்கிறது, சுவர் 2.4 மீட்டர் கனம். ஆனால் அதற்குள் 1665-இல் இன்னொரு இடி கோபுரத்தின் மேலேயே விழுந்து, கோபுரம் எரிந்துவிட்டது. 39 ஆண்டுதான் நின்றது. ஷோகுன்கள் அதை மறுபடி கட்டவில்லை. 266 ஆண்டு இந்தக் கோட்டை தலையில்லாமலே இருந்தது. 1868-இல் கடைசி ஷோகுன் யோஷினோபு இரவோடிரவாகக் கப்பலேறி எதோ நகருக்கு, அதாவது இன்றைய தோக்கியோவுக்கு, போனார். மிச்சமிருந்த மாளிகைகளும் எரிந்தன. பிறகு வந்தது ராணுவம். கோட்டையின் கிழக்கே பெரிய ஆயுதத் தொழிற்சாலை எழுந்தது.

1928-இல் ஒசாகா மேயர் செகி ஹாஜிமே ஒரு யோசனையை முன்வைத்தார்: கோபுரத்தைத் திரும்பக் கட்டுவோம், மக்களே பணம் தரட்டும். பெரிய வணிகக் குடும்பங்களும் சாதாரண ஜனங்களும் கொடுத்து, சுமார் ஆறே மாதத்தில் 15 லட்சம் யென் சேர்ந்தது. ஆனால் கோபுரத்துக்குச் செலவானது அதில் 4,70,000 யென் மட்டும். இடம் ராணுவத்தின் கையில் இருந்ததால், அவர்களுக்கு 8,00,000 யென்னில் தலைமையகம் கட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. கோபுரத்துக்கு எதிரே ஐரோப்பியக் கோட்டை மாதிரி நிற்கும் கட்டடம் அதுதான். இப்போது சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. நாங்களும் அங்கேதான் மதியம் சோறு சாப்பிட்டோம்.

1931 நவம்பரில் கோபுரம் திறந்தது. 55 மீட்டர், எஃகும் கான்கிரீட்டும். எந்தக் கோபுரத்தைப் பார்த்து வரைந்தார்கள்? குரோதா குடும்பத்தில் வழிவழியாக வந்த, 1615 போரைக் காட்டும் மடிப்புத்திரை ஓவியம் ஒன்று இருக்கிறது. அதில் இருக்கும் ஹிதேயோஷியின் கோபுரத்தைப் பார்த்துத்தான். உச்சித் தளத்தில் கருப்புப் பின்னணியில் தங்கப் புலிகள், கீழ்த்தளங்கள் மட்டும் தோகுகாவா பாணியில் வெள்ளை. அடியில் இருந்த கல்மேடையும் ஹிதேயோஷியுடையது என்றுதான் அன்று நம்பினார்கள். தெரியாமலே எதிரியின் மேடையில் ஹிதேயோஷியை ஏற்றி வைத்துவிட்டார்கள் இந்த ஊர் ஜனங்கள். இரண்டு குடும்பமும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன.

உள்ளே அந்த ஓவியத்தைப் பற்றிய விளக்கங்கள் இருக்கின்றன. 5,000-க்கும் மேற்பட்ட மனிதர்களை அதில் வரைந்திருக்கிறார்கள். வலப்பாதியில் போர். இடப்பாதியில் ஊரைவிட்டு ஓடும் ஜனங்கள், ஆற்றைக் கடக்கத் தவிப்பவர்கள், வழிப்பறிக்காரர்களிடம் அகப்பட்டவர்கள், கைபிடித்து இழுபடும் பெண்கள். வென்றவர் பக்கம் நின்ற ஒரு குடும்பத்திடம் இருந்த ஓவியத்திலேயே பாதி இடம் இவர்களுக்கு. நான் போர்ப் பக்கத்தைச் சரியாகப் பார்க்கவே இல்லை.

கீழே இறங்கி மேடையின் பின்பக்கம் போனோம். வடகிழக்கு மூலையில் பெருங்கற்கள் தங்கள் இடத்தைவிட்டு நகர்ந்து நிற்கின்றன. இரண்டாம் உலகப்போரில் விழுந்த ஒரு டன் குண்டின் அதிர்ச்சி. 1945 ஆகஸ்ட் 14, ஜப்பான் சரணடைவதற்கு முந்தைய நாள், ஆயுதத் தொழிற்சாலையைக் குறிவைத்துப் பெரிய குண்டுவீச்சு நடந்தது. பக்கத்துக் கியோபாஷி ரயில் நிலையத்தில் ரயிலுக்கு நின்றவர்களும் வந்தவர்களுமாக ஏராளமானோர் இறந்துபோனார்கள். ஒரு நாள் தள்ளியிருந்தால் பிழைத்திருப்பார்கள். கான்கிரீட் கோபுரம் மட்டும் நின்றது.

கொஞ்சம் தள்ளி, விமானத்திலிருந்து சுட்ட துப்பாக்கித் தடங்கள். கல்லில் கிண்ணம் கிண்ணமாகப் பெயர்ந்திருக்கிறது. அப்பா ஒன்றில் கட்டைவிரலை வைத்தார், முதல் கணுவரை உள்ளே போனது. இதற்கும் கீழே ஹிதேயோரியும் யோதோவும் இறந்த இடமென்று ஒரு நினைவுக்கல். அதன்மேல் மஞ்சள் ஜிங்கோ இலைகள். 1615-க்கும் 1945-க்கும் இடையே நடக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

ஹிதேயோஷியின் கோபுரம் நின்றது 30 ஆண்டு. தோகுகாவாவின் கோபுரம் 39 ஆண்டு. மக்கள் காசில் எழுந்த இந்தக் கான்கிரீட் கோபுரம் 90 ஆண்டைத் தாண்டிவிட்டது. மூன்றிலும் அதிக நாள் இருப்பது இதுதான். 1997-இல் அரசே இதைப் பண்பாட்டுச் சொத்தாகப் பதிவு செய்தது. இனி யாராவது இதைப் போலி என்றால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

லிஃப்ட் வாசலில் சக்கர நாற்காலியில் ஒரு பாட்டி, பின்னால் தள்ளிக்கொண்டு வந்தது பேத்தியாக இருக்கும். உச்சியில் அவர்களை மறுபடி பார்த்தோம். பாட்டி கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு எங்கேயோ தூரத்தில் தன் தெருவைக் காட்டிக்கொண்டிருந்தார்.

இருட்டும் முன்பு, கிளம்பிப் போகும் வழியில், அப்பா மறுபடி ஓத்தே வாசலுக்குக் கூட்டிப்போகச் சொன்னார். தூணின் ஒட்டை ஜாண் கணக்கில் அளந்தார். கோபுரத்தில் கொடுத்த விளக்கத்தாளைத் திருப்பி, என் பேனாவை வாங்கி, நாலு பக்கத்தையும் தனித்தனியாக வரைந்தார். மேல்துண்டு ஒன்று, கீழ்த்துண்டு ஒன்று, சறுக்கும் திசைக்கு ஓர் அம்புக்குறி.

"ஊருக்குப் போனதும் நம்ம ஆசாரிகிட்ட ரெண்டு துண்டு வேங்கைக் கட்டை கேக்கணும்" என்று சொல்லித் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.